14-ம் நாளை மட்டும் நம்பாதீர்கள்!

கேள்வி: எனக்கு 34, 35 நாள்களுக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வருகிறது. மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 14-ம் நாளைக் குறித்துவைத்துக்கொண்டு குழந்தைக்காக ஏழு மாதங்களாக முயல்கிறோம். பலனில்லையே, டாக்டர்?

பதில்: உங்களுக்கு 14-ம் நாளில் கருமுட்டை இன்னும் முதிர்ந்தே இருக்காது. அது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கான கணக்கு. அவர்களுக்கும்கூட முன்பின் ஆகும்.

பின்னாலிருந்து எண்ணுங்கள். முட்டை வெளியானதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரை பெரும்பாலும் 12 முதல் 14 நாள்கள். சுழற்சி நீண்டால் நீள்வது முதல் பாதிதான். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 20 முதல் 23-ம் நாளுக்குள் முட்டை வெளியாகலாம். வெளியான முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணு ஐந்து நாள்கள்வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே விந்தணு முன்கூட்டியே போய்க் காத்திருப்பது நல்லது. 15-ம் நாளில் தொடங்கி 23 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருங்கள். ‘அந்த ஒரே நாள்’ என்று காத்திருந்து இருவரும் டென்ஷனாக வேண்டாம்.

கேள்வி: பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறது. முட்டை வெளியாகும் நாளைக் கணிக்கும் ஓவுலேஷன் கிட்டில் ஒரு வாரமாக இரண்டு கோடு வருகிறது. தினமுமா முட்டை வெளியாகும்?

பதில்: இல்லை. அந்த கிட் முட்டையைப் பார்ப்பதில்லை, சிறுநீரில், முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோன் ஏறியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அது ஏறி 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாக வேண்டும். ஆனால், சமிக்ஞை போயும் முட்டை வராமல் போகலாம். பி.சி.ஓ.எஸ். உள்ள சிலருக்கு எல்.ஹெச். எப்போதுமே சற்று அதிகம், அதனால் கிட் ஏமாற்றும். இன்னொன்று: கர்ப்பப் பரிசோதனையில் மங்கலான கோடும் பாசிட்டிவ்தான். இதில் அப்படியில்லை, இரண்டாவது கோடு முதல் கோட்டளவுக்கோ அதைவிடவோ அடர்த்தியாக இருக்க வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். உங்களுக்கு, சினைப்பையில் முட்டை வளர்வதை நேரடியாகப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன்தான் சரி.

கேள்வி: 21-ம் நாள் ரத்தப் பரிசோதனையில், முட்டை வெளியான பிறகு உயரும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் குறைவு என்கிறார்கள். என் சுழற்சி 35 நாள். முட்டையே வெளியாகவில்லையா?

பதில்: அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள்களுக்கு முன் பார்க்க வேண்டிய பரிசோதனை அது. உங்களுக்கு 28-ம் நாள். அன்று மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தினமும் காலையில் உடல் வெப்பநிலையைக் குறித்தால் தெரியுமா?

பதில்: தெரியும், ஆனால் தாமதமாக. முட்டை வெளியான பிறகுதான் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். தொடர்ந்து மூன்று நாள்கள் அப்படியே நின்றால் உறுதி. அதற்குள் அந்த மாத வாய்ப்பு முடிந்திருக்கும்.

கேள்வி: முட்டை வெளியாகும்போது வலிக்குமாமே? எனக்கு எதுவும் தெரிவதில்லை.

பதில்: பலருக்கும் தெரியாது. வெள்ளைப்படுதலைக் கவனியுங்கள். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, விரல்களுக்கிடையே இழுத்தால் நீளும்படி இருந்தால் ஏற்ற நாள்கள் வந்துவிட்டன.

கேள்வி: எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

பதில்: 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு முயன்ற பிறகு, தாண்டியிருந்தால் ஆறு மாதத்தில். மாதவிடாய் தாறுமாறாக வந்தால் காத்திருக்கவே வேண்டாம், தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் உட்பட சிலவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். கூடவே கணவரையும் அழைத்து வாருங்கள். விந்துப் பரிசோதனை எளிது. அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்து மனைவியை மட்டும் மாதக்கணக்கில் ஸ்கேனுக்கு அலையவிடும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை.