வளைவில் மட்டும் அலறும் பின்கதவு பஸ்ஸர்

கேள்வி: ஏற்காட்டில் ஓர் அறக்கட்டளையின் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். மலை இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பின்கதவு திறந்திருப்பதாக பஸ்ஸர் அடிக்கிறது. நிறுத்திப் பார்த்தால் கதவு மூடித்தான் இருக்கிறது. அடிவாரம் தாண்டிச் சேலத்துக்குள் வந்துவிட்டால் சத்தமே இல்லை. மாதத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் பேட்டரியும் இறங்கிக் கிடக்கிறது. டோர் சுவிட்ச் ஒயரைக் கழற்றிவிட்டால் தொல்லை விட்டது என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா ஐயா?

பதில்: தயவுசெய்து கழற்றாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

பெரும்பாலான வண்டிகளில் டோர் சுவிட்ச் என்பது கதவுச் சட்டத்தில் பொருத்திய, ஸ்பிரிங் வைத்த ஒரு குமிழ். கதவை மூடினால் குமிழ் உள்ளே அமுங்கும், இணைப்பு அறும். கதவு திறந்தால் குமிழ் வெளியே வரும், ஒயர் பாடியோடு சேர்ந்து எர்த் ஆகும், விளக்கு எரியும், பஸ்ஸர் அடிக்கும். ஆகவே ஒயரைக் கழற்றினால் கோளாறு சரியானதுபோலத் தெரியும். உண்மையில் கதவு அகலத் திறந்து கிடந்தாலும் அது மூடியிருப்பதாகவே வண்டி எடுத்துக்கொள்ளும். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில், நோயாளிக்குத் துணையாக வந்தவர் அந்தக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எங்கள் பட்டறைக்கு ஒருமுறை வந்த வண்டியில் இப்படித்தான் ஒயரை வெட்டி டேப் சுற்றியிருந்தார்கள். பின்கதவு லாக் தேய்ந்து போயிருந்தது ஓட்டுநருக்குத் தெரியவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு பதறுகிறது.

முதலில், பஸ்ஸர் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். கதவு லாக்குக்கு இரண்டு பிடிப்பு உண்டு. முதல் பிடிப்பில் நின்றாலே வெளியிலிருந்து பார்க்க மூடியதுபோல இருக்கும். போர்வை ஓரம் சிக்கியிருந்தாலும், கதவோரத்து பீடிங் ரப்பர் புதிதாக மாற்றி விறைப்பாக இருந்தாலும் இரண்டாவது பிடிப்பு விழாது. கதவை மூடியபின் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். இன்னொரு 'டக்' கேட்டால் இத்தனை நாள் பாதிக் கதவோடு இறங்கியிருக்கிறீர்கள்.

அது சரியாக இருந்தால், வளைவில் மட்டும் அடிப்பதுதான் நமக்குக் கிடைத்த துப்பு. கொண்டை ஊசியில் திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரம் ஏறி மறுபக்கம் இறங்கும், பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடும். குமிழ் ஏற்கெனவே அரைகுறையாகத்தான் அமுங்கியிருக்கிறது என்றால் அதுவே போதும். சேலத்துச் சமதளத்தில் இந்த முறுக்கல் இல்லை, சத்தமும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கச் சப்பாத்தி மாவு போதும். கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, குமிழின் நுனியில் நெல்லிக்காய் அளவு ஒட்டிக் கதவை மூடித் திறங்கள். மாவு காகிதம்போல நசுங்கியிருந்தால் கதவு குமிழை நன்றாக அழுத்துகிறது. தடியாகவே இருந்தால் கதவு அதை எட்டவில்லை. அப்போது கீல் தொங்கியிருக்கிறதா, லாக் கொக்கி மாட்டும் கட்டை லூசா என்று பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். குமிழ் தொடும் இடத்தில் ரப்பர் துண்டு ஒட்டுவது இரண்டாம்பட்சம்தான். இரட்டைக் கதவு என்றால் இரண்டிலும் சுவிட்ச் இருக்கலாம், ஒன்றைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

வளைவில் மட்டுமல்லாமல் நேர்ரோட்டுப் பள்ளத்திலும் அடித்தால் ஒயரைச் சந்தேகப்படுங்கள். சட்டத்துக்குள் போகும் ஒயர், தகட்டு விளிம்பில் உரசி உரசி மேல்தோல் உரிந்து பாடியைத் தொடும். நோயாளி இல்லாத ஒரு நடையில் சுவிட்ச் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஓட்டுங்கள். அப்போதும் அடித்தால் கோளாறு ஒயரில், நின்றால் சுவிட்சிலோ கதவிலோ. வந்ததும் மறக்காமல் மாட்டிவிடுங்கள். சில புதிய வண்டிகளில் சுவிட்ச் லாக்குக்குள்ளேயே இருக்கும், அதன் வேலை நேர்மாறாகவும் இருக்கலாம். ஒயரைக் கழற்றியதும் பஸ்ஸர் அடிக்கத் தொடங்கினால் உங்களுடையது அந்த வகை, இந்தச் சோதனை அதற்கு ஒத்துவராது.

அப்புறம் பேட்டரி. குமிழ் முழுதாக அமுங்காத இரவில் கேபின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டியிருப்பதால் வெளியே தெரியாது. 10 வாட் பல்ப் இரண்டு என்றால் ஏறத்தாழ 1.7 ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 17 ஆம்பியர் மணி, அதாவது 75 ஆம்பியர் மணி பேட்டரியில் கால்வாசிக்குக் கிட்டே போய்விடும். ஏற்காட்டுக் குளிரில் பேட்டரிக்கு இருக்கும் தெம்பும் குறையும். மொபைலில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். விளக்கு அணைந்ததா என்று தெரிந்துவிடும்.

பராமரிப்பில் பலரும் கவனிக்காதது ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினிக் கரைசல். நோயாளியை இறக்கியபின் தரையைக் கழுவும்போது அது கதவடியில் தேங்கும், இரும்பையும் செம்பையும் அரிக்கும். மேலே பனிமூட்டத்து ஈரமும் சேர்ந்தால் குமிழ் இறுகும், முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கிருமிநீக்கம் முடிந்ததும் கதவுச் சட்டத்தை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். மாதம் ஒருமுறை சுவிட்சைக் கழற்றி கான்டாக்ட் கிளீனர் (மின்முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடியுங்கள். பல வண்டிகளில் சுவிட்சின் திருகாணிதான் எர்த், அதன் அடியில் பெயின்டோ துருவோ இருந்தால் சுரண்டி எடுங்கள். மல்டிமீட்டரில் குமிழை விட்டால் பூஜ்யத்தை ஒட்டிய ஓம், அழுத்தினால் இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். நடுவில் தடுமாறினால் புது சுவிட்ச் போட்டுவிடுங்கள்.

இந்த வேலை எல்லாம் ஆக்சிஜன் வால்வை மூடி, கதவுகளை விரியத் திறந்து வைத்துத்தான். ஸ்பிரே எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. எண்ணெயோ கிரீஸோ பட்ட கையால் சிலிண்டர் ரெகுலேட்டரைத் தொடவே கூடாது, அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனோடு சேர்ந்தால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அப்புறம் வால்வைத் திறங்கள்.