ரத்தம் வர அடித்துக்கொள்ளும் ஹார்ட்கோர் ரெஸ்லிங்கை எப்படி ரசிக்கிறீர்கள்? அதில் என்ன திறமை இருக்கிறது?

கேள்வியின் கீழே ஒரு விளக்கமும் இருக்கிறது: "எல்லாம் நடிப்பு என்று தெரிந்த பிறகும், சேராலும் முள்கம்பியாலும் அடித்து ரத்தம் வடிவதை உட்கார்ந்து பார்ப்பவர்கள் எந்த மாதிரி ஆட்கள்?" கேட்டவர் வீட்டில் ஒரு பையன், தம்பியோ மகனோ, ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு இதைப் பார்க்கிறான் என்று நினைக்கிறேன். அந்த எரிச்சல் எழுத்தில் தெரிகிறது. அந்தப் பையன் சார்பாக நான் பதில் சொல்கிறேன்.

எந்த மாதிரி ஆள் என்றால், என்னை மாதிரி ஆள். வயது 36. கோவில்பட்டிப் பக்கம் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிற தொழில். வீட்டில் கோழி அறுத்தால் தெருவுக்குப் போய்விடுவேன். பிறந்ததிலிருந்து ஒரே ஒரு ஆளைத்தான் ரத்தம் வர அடித்திருக்கிறேன், அவனும் என் பெரியப்பா மகன். அதற்கு வருகிறேன்.

(வன்முறையை ஆதரிக்கிறேன், சமூகத்தைக் கெடுக்கிறேன் என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.)

முதலில் அந்த "நடிப்பு" பஞ்சாயத்தை முடித்துவிடலாம். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசிவைத்ததுதான். 1989இல் நியூஜெர்சி மாநிலத்தில், விளையாட்டு ஆணையத்தின் பிடியிலிருந்து தப்பிப்பதற்காக கம்பெனிக்காரர்களே இதை ஒத்துக்கொண்டாகிவிட்டது. ஏதோ நீங்கள் புதிதாகத் துப்புத் துலக்கியதுபோல எங்களிடம் வந்து சொல்ல வேண்டாம். முடிவு பேசிவைத்தது. ஆனால் 16 அடி உயரத்திலிருந்து விழுகிறவனிடம் பூமி எதையும் பேசிவைக்கவில்லை.

அந்த 16 அடியைச் சொல்லியே ஆக வேண்டும். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். ரிங்கைச் சுற்றி இரும்பு வலைக்கூண்டு, அதன் கூரைமேல் அண்டர்டேக்கர், மேன்கைண்ட் என்ற இரண்டு ரெஸ்லர்கள். மேன்கைண்ட் என்ற முகமூடிக்குள் இருந்தவர் மிக் ஃபோலி. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அண்டர்டேக்கர் அவரைக் கூண்டின் மேலிருந்து தூக்கி எறிகிறார். ஃபோலி நேராக ஸ்பானிஷ் வர்ணனையாளர்களின் மேசைமேல் விழுகிறார், மேசை தூள். ஸ்ட்ரெச்சர் வருகிறது. பாதி வழியில் ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்து, சிரித்துக்கொண்டே திரும்பவும் கூண்டின்மேல் ஏறுகிறார். இந்த முறை சோக்ஸ்லாம், அதாவது கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கீழே அடிப்பது. கூரை வலை பிய்ந்து, ஃபோலி ரிங்குக்குள்ளேயே விழுகிறார். முதல் விழுகை திட்டமிட்டது. இரண்டாவது யாருமே திட்டமிடாதது. கூடவே மேலே இருந்த சேரும் விழுந்து முகத்தில் அடித்தது. உடைந்த பல் மூக்குக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அதற்குப் பிறகும் ஆட்டத்தை நிறுத்தாமல், போர்டில் குத்துகிற பின்களைப் பை நிறையக் கொட்டி, அதன்மேலும் விழுந்துதான் முடித்தார்.

எல்லோரும் விழுந்ததைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு நடுவில் நடந்த ஒரு சின்ன விஷயம். ஃபோலி அசைவில்லாமல் கிடக்கிறார். நிஜமாகவே ஆபத்தா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது டெரி ஃபங்க் என்ற மூத்த ரெஸ்லர் ரிங்குக்குள் வருகிறார். இன்னும் இரண்டு நாளில் 54 வயது ஆகப்போகிற மனுஷன். அண்டர்டேக்கர் அவரையும் தூக்கி அடிக்கிறார், ஷூ கழன்று ஓடுகிறது. எதற்கு? கீழே கிடப்பவன் மூச்சு வாங்க ஒரு நிமிஷம் வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தைத் தன் முதுகைக் கொடுத்து வாங்கித் தந்தார் ஃபங்க். பார்க்கிறவர்களுக்கு அது கதையின் ஒரு பகுதி. உள்ளே இருப்பவர்களுக்கு அது உதவி. எலும்பு முறிந்த பாதத்தோடு ஆடிய அண்டர்டேக்கரும் அந்த நேரம் முழுக்க முகத்தில் ஈரமே இல்லாத பிணம் மாதிரிதான் நின்றார். திறமை என்ன என்று கேட்டீர்களே, எனக்கு இதுதான்.

இதை நானும் அண்ணனும், அதாவது அந்தப் பெரியப்பா மகனும், நேரலையில் பார்க்கவில்லை. 2003இல் பத்து ரூபாய் நாள் வாடகைக்கு எடுத்த ஒரு விசிடியில் பார்த்தோம். நான் எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகிற லீவு, அண்ணன் பத்து எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தான். பெரியப்பாவின் குடோனை நினைத்துப் பாருங்கள். இரும்பு மடக்குச் சேர் முன்னூறு, பந்தி டேபிள், மூங்கில் ஏணி, பெட்டி பெட்டியாக டியூப்லைட், சுருட்டிய சாமியானா. அமெரிக்காவில் 2000இல்தான் டேபிள், ஏணி, சேர் மூன்றையும் வைத்து ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் வீட்டில் அது தாத்தா காலத்திலிருந்தே அடுக்கி இருந்தது.

அண்ணன் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். சாமியானாவை நாலாக மடித்து விரித்தான். யார் யாரை அடிப்பது, எத்தனை அடி, யார் ஜெயிப்பது என்று நோட்டில் எழுதினான். அவன் மேன்கைண்ட், நான் அண்டர்டேக்கர். கறுப்புத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுவிட்டான். சேரை என் கையில் கொடுத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எலே, உக்கார்ற தகடு இருக்குல்ல, அத வச்சு முதுகுல அடி. தட்டையா அடிக்கணும். நான் குனிஞ்ச பெறகு அடி."

மூன்று அடி சரியாக விழுந்தது. குடோன் தகரக் கூரை என்பதால் சத்தம் பிரமாதம். நாலாவதுக்கு எனக்கு வெறி ஏறிவிட்டது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்: அந்த நேரத்தில் நான் நடிக்கவில்லை. யாரையோ அடிக்கப் பலம் வந்தது மாதிரி ஒரு சந்தோஷம். அவன் குனிவதற்குள் வீசினேன். அவன் திரும்பினான். சேர் கையில் சாய்ந்து, தகட்டுக்குப் பதில் கால் கம்பி அவன் இடது புருவத்தில் இறங்கியது.

புருவம் கிழிந்தால் எவ்வளவு ரத்தம் வரும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். சாமியானாவெல்லாம் சிவப்பு. நான் சேரைப் போட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தேன். அவன் ஒரு கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் என் வாயைப் பொத்தினான். "அழாதல. நீ அண்டர்டேக்கர்ல."

ஐந்து தையல். ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். வீட்டிலும் அதையே சொன்னான். பெரியப்பா கேட்டார், பெரியம்மா கேட்டாள், என் அப்பா பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். மாறவே இல்லை. ஏணியைச் சாத்தாமல் போட்டுவிட்டுப் போனதாக, குடோனில் வேலை பார்த்த ஒருவரைத்தான் பெரியப்பா வாய்க்கு வந்தபடி திட்டினார். அடுத்த மாசம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இதனால்தானா என்று நான் கேட்டதில்லை. இப்போது எட்டயபுரம் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறார். நான் போனால் காசு வாங்கமாட்டார்.

தொழிலுக்கு வந்த பிறகுதான் இந்த ஆட்டங்களை வேறு கண்ணால் பார்க்கிறேன். சேர் தகடு தட்டையாக, தோள்பட்டைக்குக் கீழே சதையுள்ள இடத்தில் பட்டால் சத்தம் பெரிது. வலிக்கும், தோல் தடிக்கும், ஆனால் எலும்பு தப்பிக்கும். ஒரு இன்ச் சாய்ந்தால் சத்தம் குறைவு, சேதம் அதிகம். இருபதாயிரம் பேர் கத்துகிற இடத்தில், வியர்த்த கையோடு, கோபம் வந்தவன் மாதிரி ஓங்கிவிட்டு அந்த ஒரு இன்ச்சைக் காப்பாற்ற வேண்டும். பதினாலு வயதில் என்னால் நாலாவது அடிக்கே முடியவில்லை. டேபிளும் அப்படித்தான். விழுகிறவன் தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படும்படி விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். நெற்றியில் வழிகிற ரத்தம் பெரும்பாலும் அவர்களே போட்டுக்கொள்வது. மணிக்கட்டு டேப்பில் ஒளித்த பிளேடு துணுக்கு, குப்புறக் கிடக்கும்போது முடி ஓரத்தில் ஒரு சின்னக் கீறல், மிச்சத்தை வியர்வை பார்த்துக்கொள்ளும்.

சேர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். போன வருஷம் ஒரு கட்சிக் கூட்டத்துக்கு 800 பிளாஸ்டிக் சேர் போட்டோம். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன், நானும் ஊரில் தொழில் நடத்த வேண்டும். தலைவர் வர மூன்று மணி நேரம் தாமதம். வெயிலுக்குத் தலையில் கவிழ்த்தவர்கள், மேலே ஏறி நின்றவர்கள், வீட்டுக்கே தூக்கிப் போனவர்கள். முழுசாகத் திரும்பியது 741. பாக்கி கேட்டுப் போன் செய்தால் "அண்ணன் மீட்டிங்ல இருக்காரு" என்கிறார்கள், எட்டு மாசமாக. ரெஸ்லிங்கில் உடைகிற சேருக்காவது யாரோ காசு கட்டியிருப்பார்கள். இதை வன்முறை என்று யாரும் கேள்வி போடுவதில்லை.

சரி, டியூப்லைட். அதை உடைத்து ஆடுகிற ஆட்டத்தில் ஜப்பானின் பிக் ஜப்பான் என்ற ரெஸ்லிங் கம்பெனி பேர்போனது. எங்கள் குடோனில் ஒரு டியூப் கைதவறினால் டப்பென்று வெடித்து வெள்ளைப் பவுடர் பறக்கும், சின்ன வேலைக்காரப் பையன்களைப் பக்கத்திலேயே விடமாட்டோம். உள்ளே பாதரசம் வேறு. அதைக் கட்டுக்கட்டாக நெஞ்சில் உடைத்துக்கொள்கிறார்கள். மெல்லிசான கண்ணாடி, அதனால் நூறு சின்ன வெட்டு. 2009 நவம்பரில் ஜுன் கசாயும் ரியூஜி இட்டோவும் பிளேடு பதித்த பலகையும் கண்ணாடியும் வைத்து ஆடியதை, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று டோக்கியோ ஸ்போர்ட்ஸ் பத்திரிகை தேர்ந்தெடுத்தது. ஒழுங்கான மல்யுத்தத்தை எல்லாம் விட்டுவிட்டு இதை. நான் ஒரு தடவைதான் பார்த்தேன், முழுசாகப் பார்க்க முடியவில்லை. ஹார்ட்கோர் ரசிகன் எல்லாவற்றையும் ரசிப்பான் என்று நினைக்காதீர்கள். சில நேரம் இது வெறும் கேலிக்கூத்தாகவும் போகும். 2021 மார்ச்சில் ஜான் மாக்ஸ்லி, கென்னி ஒமேகா ஆட்டத்தின் கடைசியில் ரிங்கே வெடிக்கும் என்று முப்பது நிமிஷம் பயமுறுத்திவிட்டு, நமுத்த பட்டாசு மாதிரி நாலு பொறி பறந்தது. சிவகாசிப் பக்கத்து ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கே அவமானமாக இருந்தது.

எனக்குப் பிடிக்காத ஆட்டமும் உண்டு. 1999 ஜனவரி, ராயல் ரம்பிள் என்ற ரெஸ்லிங் நிகழ்ச்சி. அதே ஃபோலி, எதிரே ராக். ஃபோலியின் கைகளைப் பின்னால் விலங்கு போட்டுப் பூட்டிவிட்டு, தலையில் 11 முறை சேரால் அடித்தார் ராக். பேசிவைத்ததைவிட அதிகம். கை கட்டியிருந்ததால் தடுக்கவே வழியில்லை. ஃபோலியின் மனைவியும் இரண்டு குழந்தைகளும் முன்வரிசையில் இருந்தார்கள். இது விளையாட்டு என்று முன்பே சொல்லி உட்காரவைத்தும் அந்தக் குழந்தைகள் கதறியது ஒரு ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. 2007இல் கிறிஸ் பென்வா என்ற ரெஸ்லர் மனைவியையும் மகனையும் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்ட பிறகு, அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள் அடிபட்ட சேதம் மிகுதியாக இருந்ததாகச் சொன்னார்கள். 2010இல் டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற பெரிய ரெஸ்லிங் கம்பெனி தலையில் சேரால் அடிப்பதைத் தடை செய்தது. பத்து வருஷமாவது தாமதம். இதைச் சொன்னால் பழைய ரசிகர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். விலங்கு மாட்டியவனை அடிப்பதற்கு எந்தத் திறமையும் வேண்டாம். அந்த 11 அடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் நாலாவது அடிதான் ஞாபகம் வருகிறது.

உங்கள் வீட்டுப் பையனிடம் போனைப் பிடுங்குவதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் பாருங்கள். அடிக்கிறவனை விடுங்கள், அடி வாங்குகிறவனைப் பாருங்கள். பார்த்துவிட்டு, வீட்டில் இரும்புச் சேர் இருந்தால் பூட்டி வையுங்கள்.

அண்ணன் இப்போது சார்ஜாவில் இருக்கிறான். போன தை மாசம் மகளுக்குக் காது குத்த வந்திருந்தான். பந்தல் நான்தான் போட்டேன். பேரப்பிள்ளைகள் ஏணியில் ஏறி விளையாடுவதைப் பார்த்து பெரியம்மா சத்தம் போட்டாள், "எறங்குங்கடா, ஒங்கப்பன் புருவத்தப் பாருங்க" என்று. அவன் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் புருவத்தைத் தொட்டுக் காட்டி, "ஆமா, மூணாவது படி வழுக்கிருச்சு" என்றான். ஒவ்வொரு லீவுக்கும் ஏதாவது ஒன்றைச் சேர்ப்பான். இந்தத் தடவை, "அன்னைக்கு நல்ல மழை வேற" என்றான்.

அது மே மாசம். அக்கினி நட்சத்திரம்.