காற்றை அளந்தவரைப் பற்றி எழுதும்போது

கேள்வி: டீச்சர், எனக்கு ஊர் ஆரல்வாய்மொழி. நாகர்கோவிலில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். வானிலை விஞ்ஞானி அன்னா மணி பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையை விரிவாக்க ஆசை. எங்கள் ஊர்ப் பக்கத்து முப்பந்தல் காற்றாலைகளைக் கொண்டுவந்தவரே அவர்தான் என்று எழுதலாமா?

பதில்: அப்படி எழுதிவிடாதே மகளே. அவர் செய்தது காற்றாலைக்கு முந்தின வேலை. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்ற தரவுகளை நாடு முழுக்கத் திரட்டி, 1980-களில் நூலாகத் தந்தார். ஆனி, ஆடியில் உங்கள் ஊர்க் கணவாயில் குடை நிற்காது என்பது நமக்குத் தெரியும். அதை மட்டும் நம்பி யார் கோடிக்கணக்கில் பணம் போடுவார்கள்? கையில் அளவு வேண்டும். அந்த அளவுகளைத் தொகுத்தவர் என்று எழுது, நூலின் பக்க எண்ணையும் கொடு.

கட்டுரையில் அதிக இடம் கருவிகளுக்குப் போகட்டும். பெரும்பாலும் சி.வி.ராமனிடம் ஆய்வு செய்தவர் என்ற அளவிலேயே அவரைப் பற்றிய பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு அதில் தீராத வருத்தம். 1948-இல் புணே வானிலைத் துறையில் சேர்ந்தபோது, சாதாரணக் கருவிகூட வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய நிலை. ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைச் சீராக்கி, அவற்றை இங்கேயே செய்ய வழிசெய்தார். 1957-58-இல் சூரியக் கதிர்வீச்சை அளக்க நிலையங்கள் அமைத்தார். அப்புறம் ஓசோனை அளக்கும் கருவி, தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வானிலைக் கோபுரம். தப்பான அளவைவிட அளக்காமலே இருப்பது மேல் என்று நினைத்தவர் அவர். சான்றில்லாத வரியை நீயும் அதேபோல எழுதாமல் விட்டுவிடு.

எம்.எஸ்சி. இல்லை என்று பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் மறுத்தது அநியாயம்தான். ஆனால் அது இரண்டு வரி போதும். எட்டாவது பிறந்தநாளில் வைரக் கம்மல் வேண்டாம், கலைக்களஞ்சியம் போதும் என்று கேட்டு வாங்கியதை மட்டும் விட்டுவிடாதே!

பிறந்த இடத்தில் கவனம். 1918-இல் அவர் பிறந்தபோது பீருமேடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அது இன்றிருக்கும் இடுக்கி மாவட்டம் உருவானது 1972-இல். அன்று நம் கன்னியாகுமரியும் அதே திருவிதாங்கூர்தானே.

சரி, நேரே கட்டுரையில் கை வைக்காமல் முதலில் மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியா தரும் பயிற்சிப் பக்கத்தில், எழுதிப் பார். பத்திரிகைச் செய்தியை வெட்டி ஒட்டாதே, இணையத்தில் கிடைத்த படத்தை ஏற்றாதே. ‘மாபெரும்’, ‘ஈடு இணையற்ற’ என்பதையெல்லாம் மற்றவர்கள் நீக்கினால் நீக்கட்டும். தகவலை நீக்கினால் மட்டும் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் சான்றோடு போய்க் கேள்.