லோகெயினை விட்டுவிட்டேன், தப்பா?

கேள்வி: சார், 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' விளையாட்டை இப்போதுதான் முடித்தேன். லோகெயினைக் கொல்லாமல் விட்டேன். கூடவே வந்து சண்டை போட்ட அலிஸ்டர் கோபித்துக்கொண்டு போய்விட்டான், மனசே ஆறவில்லை. நான் செய்தது தப்பா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: ஆறாதுதான். 2009இல் வந்த விளையாட்டு, இன்னமும் இந்த ஒரு கட்டத்துக்காகச் சண்டை போடுகிறார்கள்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆஸ்டகர் போரில் கோபுரத்தில் தீ மூட்டியதும் படையோடு பாய வேண்டிய தளபதி லோகெயின், தீயைப் பார்த்துவிட்டுப் படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். களத்தில் சாகிற ராஜா வேறு யாருமில்லை, அவனுடைய சொந்த மருமகன். அரக்கர்களை எதிர்க்கிற கிரே வார்டன் என்ற வீரர் கூட்டத்தின் தலைவன், அலிஸ்டர் அப்பா மாதிரி நினைத்திருந்த டங்கனும் அங்கேயே போய்விடுவான். பழி மட்டும் கிரே வார்டன்கள் தலையில், ஆடுகிற நாமும் அலிஸ்டரும் அந்தக் கூட்டம்தான்.

கடைசியில் பிரபுக்கள் சபை நடுவே லோகெயின் தோற்று விழும்போது, அவனையும் வார்டனாக்கிவிடலாமே என்று ஒரு யோசனை வரும். வார்டனாவதற்கு அரக்க ரத்தத்தைக் குடிக்க வேண்டும், குடித்த இடத்திலேயே செத்தாலும் சாகலாம். அதனால் உங்களுக்கு அது தண்டனையாகத் தெரிந்திருக்கும். அலிஸ்டருக்கு அப்படியில்லை. டங்கன் எதற்காக உயிரை விட்டானோ அந்த மரியாதையைத் தூக்கி, டங்கனைச் சாகவிட்டவன் கையிலேயே கொடுக்கிறீர்கள். அவன் போனது சரிதான் என்பேன். மன்னித்தது நீங்கள், இழந்தது அவன்.

நானாக இருந்தால் வெட்டியிருப்பேன், ஆனால் டங்கனுக்காக இல்லை. தலைநகரில் எல்ஃப் சேரி ஒன்று வருமே, அங்கிருந்து எல்ஃப் இன ஆட்களைப் பிடித்து டெவின்டர் என்கிற வேற்று நாட்டு வியாபாரிகளுக்கு அடிமைகளாக விற்றதற்கு லோகெயின்தான் அனுமதி கொடுத்திருப்பான். சபையில் அதை எடுத்துச் சொன்னால் பிரபுக்கள் ஆதரவு கூடும். நாமும் ஆதரவுக்காகச் சொல்லிவிட்டு, தீர்ப்பு எழுதும்போது அந்த ஜனங்களைச் சுத்தமாக மறந்துவிடுகிறோம், முதல் தடவை ஆடும்போது நானும் மறந்தவன்தான். இளம் வயதில் பக்கத்து நாடான ஆர்லேயின் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடியவன், அந்தப் பயம் போகவில்லை என்பதெல்லாம் காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதைக் கேட்டு இரக்கப்பட்டதில் தப்பில்லை, ஆனால் விற்கப்பட்டவர்களையும் எண்ணிப் பார்த்த பிறகு இரக்கப்பட்டீர்களா என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்று, இந்த விளையாட்டில் நல்லவன் கெட்டவன் மார்க் கிடையாது, கூட வருகிறவர்களின் பிடிப்பு மட்டும்தான் ஏறி இறங்கும். 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டு மாதிரி நீலம், சிவப்பு என்று புள்ளி விழுந்திருந்தால் நீங்கள் புள்ளியைப் பார்த்திருப்பீர்கள், எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

கேள்வி: வில்லனைக் கொன்றுவிட்டு, கஷ்டமாக இருந்ததால் முன்னால் 'சேவ்' பண்ணி வைத்திருந்த ஆட்டத்தை லோட் பண்ணி உயிரோடு விட்டுவிட்டேன். தம்பி சிரிக்கிறான். இது கள்ளாட்டமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கேம்தானே, தாராளமாகப் பண்ணுங்கள். ஆனால் 2015இல் வந்த 'அண்டர்டேல்' பக்கம் போனால் கொஞ்சம் ஜாக்கிரதை. அதில் டோரியல் என்று ஓர் அம்மா, வந்த பிள்ளையைப் பாசமாகப் பார்த்துக்கொண்டு, வெளியே விடாமல் வழிமறிப்பாள். சண்டையில் அவளைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் லோட் பண்ணி, இந்தத் தடவை அடிக்காமல் பொறுமையாக விட்டுக்கொடுத்து வெளியே வாருங்கள். வாசலில் ஃபிளவி என்கிற பூ காத்திருக்கும். நீ அவளைக் கொன்றாய், அப்புறம் வருத்தப்பட்டுத் திரும்பிப் போனாய், எனக்குத் தெரியும் என்று மூஞ்சிக்கு நேரே சொல்லும்.

தம்பியை அதை ஒருமுறை ஆடவிடுங்கள், பூ வருகிற விஷயத்தை மட்டும் சொல்லாதீர்கள்.