ஆவியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

கேள்வி: ஷேக்ஸ்பியர் நாடகத்தில், பைத்தியம்போல நடிக்கப் போவதாகச் சொல்லித்தான் டென்மார்க் இளவரசன் ஹாம்லெட் தொடங்குகிறான். ஆனால் தாயின் அறையில் தந்தையின் ஆவி அவன் கண்ணுக்கு மட்டும்தானே தெரிகிறது? அப்போது நிஜமாகவே பித்துப் பிடித்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. அந்த ஆவியை முதலில் பார்த்தவன் ஹாம்லெட்டே அல்ல. எல்சினோர் கோட்டைக் காவலில் இருந்த பெர்னார்டோவும் மார்செல்லஸும் இரண்டு இரவு பார்த்துவிட்டு ஹாம்லெட்டின் நண்பன் ஹொரேஷியோவை அழைத்து வருகிறார்கள். எல்லாம் பிரமை என்று சொன்ன படிப்பாளி அவன். அவனும் கண்டு வெலவெலத்துப் போகிறான். மூன்று பேர் கண்ட ஆவி தாய் கெர்ட்ரூட் கண்ணில் படவில்லை என்பதற்காக மகனுக்குப் பைத்தியப் பட்டம் கட்டலாமா?

3-ஆம் அங்கம், 2-ஆம் காட்சியைத் திரும்பப் படியுங்கள். அரண்மனையில், தந்தையின் கொலையை ஒத்த ஒரு நாடகம் தொடங்கப் போகிறது. தந்தையைக் கொன்ற சித்தப்பன்தான் இப்போது ராஜா. ராஜாவின் முகத்தையே கவனி என்று ஹொரேஷியோவிடம் தெளிவாக, நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான் ஹாம்லெட். ராஜா வரும் ஓசை கேட்கிறது. "வருகிறார்கள், இனி நான் கிறுக்கனாக வேண்டும், நீ போய் உட்கார்" என்கிறான். எப்படி இருக்கிறாய் என்று ராஜா கேட்டதும், பச்சோந்தியைப் போலக் காற்றைத் தின்கிறேன் என்று உளறல் தொடங்கிவிடுகிறது. யார் எதிரில் நிற்கிறார் என்று பார்த்து வருகிற பைத்தியம் இது! ஹாம்லெட் காதலித்த ஒஃபீலியாவைப் பாருங்கள். அவளுக்கு ராஜாவும் ராணியும் சொந்த அண்ணனும் ஒன்றுதான். எல்லோர் முன்னும் அதே பாட்டு, அதே பூக்கள். நிஜமான பித்து எப்படி இருக்கும் என்று ஷேக்ஸ்பியர் அங்கே காட்டிவிட்டார்.

உங்கள் சந்தேகத்துக்கு நியாயமான இடம் வேறொன்று உண்டு. சுமார் 1200-இல் சாக்ஸோ என்ற வரலாற்றாசிரியர் எழுதிய, இந்த நாடகத்துக்கு மூலமான டேனிஷ் கதையில் சித்தப்பன் செய்த கொலை ஊரறிந்தது. பையன் உயிர் பிழைக்க அசடாக நடித்தே ஆகவேண்டும். ஷேக்ஸ்பியரோ கொலையை ரகசியமாக்கிவிட்டார்: தோட்டத்தில் தூங்குகிறவர் காதில் விஷம். ஹாம்லெட் சும்மா இருந்திருந்தால் யாரும் அவனைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். நடித்ததால்தான் ராஜா வேவு பார்க்க ஆள் வரவழைக்கிறான். பிறகு ஏன் நடித்தான்? சபையில் வாய்விட்டுச் சொல்ல முடியாத துக்கத்தையும் அருவருப்பையும் கொட்டுவதற்கு அந்த வேஷம் அவனுக்குத் தேவைப்பட்டது என்பது என் கருத்து. ஆவியைக் காண்பதற்கு முன்பே, இந்த உடம்பு கரைந்து போகாதா என்று தனிமையில் புலம்பியவன் அவன்.

ஒரு முரண்பாடு உண்டு, மறைக்கவில்லை. கடைசிக் காட்சியில், உன் தந்தை பொலோனியஸைக் கொன்றது நானல்ல, என் பைத்தியம் என்று ஒஃபீலியாவின் அண்ணன் லேயர்ட்டீஸிடம் மன்னிப்புக் கேட்கிறான். கொலை நடந்த இரவிலோ, என் நாடி உன் நாடிபோலவே சீராக ஓடுகிறது, சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், சோதித்துப் பார் என்று தாயிடம் சவால் விட்டவன். இரண்டில் தாயிடம் சொன்னதையே நான் நம்புகிறேன். லேயர்ட்டீஸிடம் பேசும்போது ராஜாவும் சபையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாயின் அறையில் ஒட்டுக்கேட்க வந்த பொலோனியஸ் பிணமாகக் கிடந்தார்.