ஊருக்குள் வரக் கட்டணம் கேட்டால்? – வாசகர் கேள்வி பதில்

நகர நெரிசலைக் குறைப்பதற்காக வாகனங்களிடம் கட்டணம் வாங்கும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு, டெல்டா மாவட்டங்களிலிருந்து, அதிலும் பெரும்பாலும் ஓட்டுநர்களிடமிருந்து, கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் சேர்த்தே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என் மைத்துனர் சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். “காலையில் ஒரு வளைவைத் தாண்டினால் ஒரு காசு, அதையே மதியம் தாண்டினால் வேறு காசு” என்கிறார். இதுவும் நம் டோல்கேட் மாதிரிதானா?
– வாடகை கார் ஓட்டுநர், மன்னார்குடி

பதில்: பார்வைக்கு ஒன்று போலத் தோன்றினாலும் நோக்கம் வேறு. நம் சுங்கச்சாவடியில் வாங்கப்படுவது சாலை போட்ட செலவையும் பராமரிப்புச் செலவையும் மீட்பதற்கான பணம். நள்ளிரவில் ஒரு வண்டிகூட இல்லாத சாலையில் நீங்கள் தனியே போனாலும் அதே தொகைதான். நெரிசல் கட்டணத்தில் சாலை போட்ட செலவு கணக்கிலேயே வராது. ஏற்கெனவே நிரம்பி வழியும் சாலையில் நீங்களும் உங்கள் வண்டியை நுழைத்தால் முன்னும் பின்னும் உள்ள அத்தனை பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதம் கூடுகிறதல்லவா, அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை வைப்பதே அதன் கருத்து. 1950களிலேயே இதை வலியுறுத்திய வில்லியம் விக்ரி என்னும் பொருளியல் அறிஞருக்கு 1996-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அவர் காலமாகிவிட்டார்.

அதை நடைமுறையில் முதலில் செய்து காட்டிய நகரம் சிங்கப்பூர். 1975 ஜூன் மாதத்தில், காலை 7.30 முதல் 9.30 வரை நகர மையத்துக்குள் நுழையும் கார்கள் நாளொன்றுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து ஒரு காகித உரிமச் சீட்டை வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். நுழைவிடத்தில் ஆட்கள் நின்று கண்ணாலேயே பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். ஓட்டுநர்கள் சும்மா இருப்பார்களா? 9.30 வரை காத்திருந்துவிட்டு ஒரேயடியாக உள்ளே நுழைந்தார்கள். அதனால் சில வாரங்களிலேயே நேரத்தை 10.15 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. நான்கு பேர் ஏறிய காருக்குக் கட்டணம் இல்லை என்பதால், பேருந்துக்காக நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு ஆள் கணக்கைச் சரிசெய்து நுழைந்தவர்களும் உண்டு. அந்தச் சலுகை 1989-இல் நீக்கப்பட்டது.

உங்கள் மைத்துனர் சொல்லும் வளைவுகள், அதாவது சாலைக்கு மேலே குறுக்காக நிறுத்திய சட்டங்கள், 1998 செப்டம்பரில் வந்தவை. வண்டியில் பொருத்திய சிறு கருவியிலிருந்து, வளைவைக் கடக்கும்போது பணம் தானாகக் கழியும். அரை மணிக்கு ஒரு விலை மாறும். மோட்டார் சைக்கிளுக்குக் காரில் பாதி, கனரக லாரிக்கு ஒன்றரை மடங்கு, மிகப் பெரிய வண்டிக்கு இரண்டு மடங்கு. விலை குறையப் போகும் நேரத்துக்குச் சற்று முன்பு வளைவுக்கு எதிரிலேயே ஓரம் கட்டி நிற்பதும், விலை ஏறப்போகும் நிமிடத்தில் வேகம் எடுத்துத் தாண்டுவதும் அங்கே வழக்கமாகிவிட்டதால், ஓர் அரை மணியிலிருந்து அடுத்த அரை மணிக்கு மாறும் ஐந்து நிமிடங்களுக்கு இடைப்பட்ட ஒரு விலையை 2003-இல் வைத்தார்கள். இந்த ஒரு திருத்தத்தைப் பார்த்தாலே, விதி எழுதியவர்கள் ஓட்டுநரின் கணக்கை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள் என்பது புரியும்.

இன்னொரு வேறுபாடு. சாலையில் வண்டிகள் எந்த வேகத்தில் ஓடுகின்றன என்பதை அளந்து கட்டணத்தை அவ்வப்போது திருத்துகிறார்கள். நகரச் சாலைகளில் மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டர், விரைவுச் சாலைகளில் 45 முதல் 65 கிலோமீட்டர் என்பது அவர்கள் வைத்துள்ள வரம்பு. வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும்; மேலே போனால் இறங்கும். 2020 ஏப்ரலில் கொரோனாவால் சாலைகள் வெறிச்சோடியபோது கட்டணத்தையே நிறுத்தி வைத்தார்கள். டோல்கேட் கட்டணம் ஆண்டுதோறும் ஏறுவதையே பார்த்துப் பழகிய நமக்கு இது சற்று விசித்திரமாகத்தான் இருக்கும்.

கேள்வி: என் மகன் லண்டனில் தனியார் வாடகை கார் ஓட்டுகிறான். ஊருக்குள் போனாலே பணம் கட்ட வேண்டும், மறந்தால் பெரிய அபராதம் என்று போனில் புலம்புகிறான். பயணியிடம் வாங்கிக்கொள்ளக் கூடாதா?
– ஓய்வு பெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர், திருவாரூர்

பதில்: ஐயா, தங்கள் கேள்வியே இந்த விஷயத்தின் மையம் என்று கருதுகிறேன்.

லண்டனில் 2003 பிப்ரவரி 17 அன்று நாளொன்றுக்கு 5 பவுண்டு என்று தொடங்கியது. படிப்படியாக ஏறி, 2020-இல் 15 பவுண்டும், 2026 ஜனவரியில் 18 பவுண்டும் ஆகிவிட்டது. நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். வார நாட்களில் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரையும், சனி ஞாயிறுகளில் நண்பகல் 12 மணி முதல் மாலை 6 மணி வரையும் கட்டணம் உண்டு. தடுப்புக் கம்பமோ சாவடியோ கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும். பணத்தை நாம்தான் நினைவாகச் செலுத்த வேண்டும். சாவடியில் நிறுத்திக் கேட்டால் யாரும் மறக்கமாட்டார்கள். எவரும் நிறுத்தாததால்தான் மறதி வருகிறது. மறந்தால் 180 பவுண்டு அபராதம், 14 நாட்களுக்குள் கட்டினால் அதில் பாதி. தானாகவே கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும் வசதியில் வண்டியைப் பதிந்து வைக்குமாறு தங்கள் மகனிடம் சொல்லுங்கள். புகை அதிகம் விடும் பழைய வண்டியாக இருந்தால் 12.50 பவுண்டு தனியாக வேறு உண்டு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புவோர் பலர்.

இனி, யார் கொடுப்பது என்பதற்கு வருவோம். லண்டனின் புகழ்பெற்ற கறுப்பு டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. தங்கள் மகன் ஓட்டுவது போன்ற கார்களுக்கும் முதலில் விலக்கு இருந்தது. 2019 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். கட்டணம் நாள் கணக்கு என்பதால், நகர மையத்துக்குள் ஒரே ஒரு சவாரி போனாலும் 18 பவுண்டு, இருபது சவாரி போனாலும் அதே 18 பவுண்டு. எனவே ஓட்டுநர் காலையிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது: இன்று உள்ளே போவதென்றால் நாள் முழுதும் உள்ளேயே சுற்றி அந்தப் பணத்தை எடுத்தாக வேண்டும், இல்லையெனில் உள்ளே அழைக்கும் சவாரிகளை விட்டுவிட வேண்டும். நெரிசலைக் குறைக்க வந்த கட்டணம், சில வண்டிகளை நெரிசல் உள்ள இடத்திலேயே நாள் முழுதும் சுற்ற வைக்கிறது என்ற குறையில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சிங்கப்பூரில் டாக்சியில் ஏறியவர் கடந்து வந்த வளைவுகளின் கட்டணத்தை மீட்டர் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் 2025 ஜனவரி 5 அன்று தொடங்கிய திட்டத்தில், சொந்தக் காருக்குப் பகலில் 9 டாலர் என்றாலும், டாக்சிக்கு நாள் கட்டணம் இல்லை. ஒவ்வொரு சவாரிக்கும் 75 சென்ட், செயலி வழியாக அழைக்கும் கார் என்றால் ஒன்றரை டாலர் என்று பயணியின் பில்லில் ஏறிவிடுகிறது. நம் ஊரில் வேளாங்கண்ணிக்கோ நவக்கிரகத் தலங்களுக்கோ வண்டி பேசும்போது “டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா தனி” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோமே, அந்த வழக்கம் இவ்விரண்டோடும் ஒத்துப்போகிறது. எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்பவர் பயணி. ஆகவே அவர் கையிலிருந்து பணம் போனால்தான் நேரத்தை மாற்றலாமா என்று யோசிப்பார். ஓட்டுநர் கையிலிருந்து போனால் அது வருமானக் குறைவாக மட்டுமே முடியும்.

கேள்வி: பணம் உள்ளவன் சாலையை விலைக்கு வாங்கிக்கொள்வான், இல்லாதவன் ஒதுங்க வேண்டும் என்பதுதானே இதன் பொருள்?
– லாரி ஓட்டுநர், பட்டுக்கோட்டை

பதில்: வாங்கிய பணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. லண்டனில் அந்த வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தொடக்கத்திலேயே பேருந்துகளைக் கூட்டினார்கள். சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் இதில் இன்னும் நிதானமாக நடந்துகொண்டது. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனை ஓட்டமாக நடத்தினார்கள். அதற்கு முன்பாகவே கூடுதல் பேருந்துகளை இறக்கியிருந்தார்கள். வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தொடக்கத்தில் எதிர்த்தவர்களே பெரும்பான்மை. ஆனால் சோதனை முடிந்து கட்டணத்தை நிறுத்தியதும் நெரிசல் மீண்டும் தலைதூக்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் ஆதரித்தார்கள். 2007 ஆகஸ்டில் நிரந்தரமாயிற்று.

இருந்தாலும் உங்கள் கேள்வியில் ஒரு பகுதி பதிலின்றியே நிற்கிறது. காலை ஏழு மணிக்குச் சரக்கு இறக்கியாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டால், லாரி ஓட்டுநருக்கு நேரத்தை மாற்றும் உரிமை ஏது? நிறுவனம் கட்டணத்தைக் கொடுத்தால் சரி. கூலியில் பிடித்தால் அது அநியாயம். இந்தப் பிடித்தத்தைத் தடுக்கும் விதி இல்லாத ஊரில் இந்தத் திட்டத்தை நான் ஆதரிக்கமாட்டேன். பணமுள்ளவர்கள் எல்லாம் கொடுத்துவிடுகிறார்கள் என்றும் எண்ண வேண்டாம்: லண்டனில் உள்ள அமெரிக்கத் தூதரகம், இது வரி, தூதரகங்கள் வரி செலுத்த வேண்டியதில்லை என்று கூறிப் பல ஆண்டுகளாகப் பாக்கி வைத்திருக்கிறது, பாக்கி வைத்துள்ள நாடுகளின் பட்டியலில் நம் நாடும் உண்டு.

கேள்வி: மக்கள் எதிர்த்து எங்காவது நின்றுபோயிருக்கிறதா?
– மாணவர், மயிலாடுதுறை

பதில்: நிறைய. எடின்பரோவில் 2005-இலும் மான்செஸ்டரில் 2008-இலும் வாக்கெடுப்பு நடத்தி, நான்கில் மூன்று பங்குக்கு அருகிலும் அதற்கு மேலும் எதிர் வாக்குகள் விழுந்து கைவிட்டார்கள். ஹாங்காங்கில் 1980களில் சோதித்துப் பார்த்தபோது, யார் எங்கே போனார் என்பது அரசுக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சத்தாலும் எதிர்ப்பு வலுத்தது. லண்டனிலேயே மேற்குப் பகுதிக்கு 2007-இல் விரிவாக்கியதைப் பின்னர் திரும்பப் பெற்றார்கள்.

கேள்வி: இந்தியாவில் உண்டா?
– சீர்காழி வாசகி

பதில்: நெரிசலுக்கென்று நகரம் முழுவதற்குமான கட்டணம் இல்லை. டெல்லிக்குள் நுழையும் சரக்கு வண்டிகளுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2015 முதல் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் உண்டு, அது புகைக்கானது. நமக்குப் பக்கத்தில், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் முறை சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்திருக்கிறது. அதில் பணம் இல்லை. பின்னர் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்ற வரம்பும் வைத்தார்கள். விலை வைக்காமல் எண்ணிக்கை வைப்பது அதன் வழி.

கேள்வி: கும்பகோணத்தில் முகூர்த்த நாளில் பெரிய கடைத் தெருவைத் தாண்ட முடியவில்லை. இங்கேயும் கட்டணம் வைக்க வேண்டும் என்று கடைக்காரர்கள் சிலர் பேசுகிறார்கள். வைத்தால் எங்களைப் போன்ற லோடு ஆட்டோக்காரர்கள் கதி என்ன?
– லோடு ஆட்டோ ஓட்டுநர், கும்பகோணம்

பதில்: வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவில் அமைந்த ஊர் என்பதால், அந்த இரு பக்கமும் பாலங்களில் கேமரா வைத்தாலே வண்டிகளை எண்ணிவிடலாம், கருவி வைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் நெரிசலுக்குக் காரணம் என்ன என்பதை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் நிற்கும். அதற்கு எதிரே இரண்டு கார்கள் நிற்கும். நடுவில் எஞ்சிய இடத்தில் பத்து மணிக்குப் பாத்திரக் கடைக்கு ஒரு வண்டி பின்பக்கக் கதவைத் திறந்து அண்டாக்களை இறக்கிக்கொண்டிருக்கும். அதன் பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். இதில் ஓடும் வண்டி எது? நிற்கிற வண்டிகளால் வரும் நெரிசலுக்கு, நுழைகிற வண்டிகளிடம் பணம் கேட்பது பொருந்தாது. அணைக்கரைப் பக்கமிருந்து வந்து ஊரைக் கடந்து போவதற்கு மட்டுமே நுழைகிறவரும் அந்தப் பணத்தைக் கொடுப்பார். ஊருக்குள்ளேயே வீடு உள்ளவர் காலையிலிருந்து இரவு வரை தெருவை அடைத்துக் காரை நிறுத்தினாலும் ஒன்றும் கொடுக்கமாட்டார்.

ஆகவே இங்கே விலை வைக்க வேண்டியது நிறுத்துமிடத்துக்கு. சான்பிரான்சிஸ்கோவில் 2011 முதல், எந்தத் தெருவில் எந்த நேரத்தில் இடம் நிரம்பி வழிகிறதோ அங்கே நிறுத்தக் கட்டணத்தை ஏற்றியும், காலியாகக் கிடந்தால் இறக்கியும் சோதித்துப் பார்த்தார்கள். சாதாரண நாளில் ஒரு விலை, முகூர்த்த நாளில் வேறு விலை என்று நம் ஊரில் வைத்தால், வாழைப்பழத்துக்கும் பூவுக்கும் அப்படித்தானே விற்கிறோம் என்று மக்கள் எளிதில் ஏற்றுக்கொள்வார்கள் என நினைக்கிறேன். மண்டபத்துக்கு வரும் வண்டிகளுக்கான பணத்தை மண்டப வாடகையோடு சேர்த்தே வாங்கிவிடலாம். வெளியே நிறுத்த இடம் காட்டாமல் காசு மட்டும் வாங்கினால் அது வசூல் ஆகிவிடும். 2016 மகாமகத்தின்போது ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்துச் சமாளித்தவர்கள் நாம். அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அதற்காகத் தேடும் இடங்களில் ஒன்றிரண்டையாவது நிரந்தர நிறுத்துமிடமாக விட்டுவைக்கலாம்.

உங்கள் தொழிலைப் பொறுத்தவரை, மொத்தக் காய்கறிச் சந்தை தாராசுரத்தில் இருப்பதால் காய்கறி லாரிகளின் சுமை நகர மையத்தில் ஏற்கெனவே குறைவு. மீதமுள்ள சரக்கை காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஒன்பதுக்குப் பின்பும் இறக்கினால் கட்டணமே இல்லை, இடையில் இறக்கினால் உண்டு என்று மாநகராட்சி வைக்கலாம். அப்போது கடையை எட்டு மணிக்கு முன் திறந்து வைக்க வேண்டியவர் கடைக்காரர். திறக்காவிட்டால் அந்தத் தொகையும் அவருடையதாகவே இருக்க வேண்டும். இறக்குகூலி போல அதையும் பில்லில் தனி வரியாக எழுதி வாங்குவது என்று உங்கள் ஸ்டாண்டில் உள்ளவர்கள் இப்போதே கூடிப் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. கட்டணத்தைப் பற்றிப் பேசும் கடைக்காரர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள்.