'பிக் ஹீரோ 6': அண்ணனை இழந்த சிறுவன் நாயகனாகும் கதை (கேள்வி பதில்)

டிஸ்னி நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'பிக் ஹீரோ 6' என்ற அனிமேஷன் படத்தைக் குழந்தைகளுடன் பார்க்க விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளித்திருக்கிறேன். கதையின் முடிவும் பேசப்படுவதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் முதல் மூன்று பதில்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. அண்மையில்தான் தாத்தாவை இழந்தாள். இப்படத்தில் ஒரு மரணம் வருகிறது என்கிறார்கள். அவளுக்குக் காட்டலாமா?

காட்டலாம் அம்மா, ஆனால் நீங்களும் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். ஹிரோ என்ற 14 வயதுச் சிறுவனின் அண்ணன் தடாஷி, தீப்பற்றிய அரங்கினுள் சிக்கிய பேராசிரியரைக் காப்பாற்ற ஓடி, வெடிவிபத்தில் இறந்துபோகிறான். உடலோ காயமோ திரையில் வருவதில்லை. அதற்குப் பின் வரும் நாட்கள்தான் கனமானவை. ஹிரோ அறையை விட்டு வெளியே வராமல், வைத்த உணவைத் தொடாமல் கிடக்கிறான். துக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு, தன்னைப் போலவே இன்னொருவனும் இருக்கிறான் என்று காண்பது ஆறுதலாக இருக்கக்கூடும். அண்ணன் இறப்பான் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். எதிர்பாராமல் வந்தால்தான் அவள் அதிர்ந்துபோவாள்.

கேள்வி: இது மார்வெல் கதையா, டிஸ்னி கதையா?

மூலம் 1998-இல் வந்த மார்வெல் காமிக்ஸ். டிஸ்னி 2009-இல் மார்வெலை வாங்கியது. பெயர்களையும் குழுவையும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பெரும்பாலும் புதிதாக எழுதினார்கள்.

கேள்வி: பேமேக்ஸ் போன்ற காற்றடைத்த ரோபோ உண்மையில் சாத்தியமா? பொறியியல் படிக்கும் மாணவன் நான்.

படத்தில் பேமேக்ஸ், தடாஷி உருவாக்கிய மருத்துவ உதவி ரோபோ. அதன் விதை உண்மையான ஆய்வகத்திலிருந்து வந்ததுதான் தம்பி. இயக்குநர்களில் ஒருவரான டான் ஹால், பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, பேராசிரியர் கிறிஸ் அட்கெசனின் குழுவினர் காற்றடைத்த வினைல் கை ஒன்றைக் காட்டினார்கள். நோயாளிக்கு உதவும் இயந்திரம் தவறி இடித்தாலும் காயம் ஏற்படக் கூடாது என்பதே மென் ரோபோவியலின், அதாவது மென்மையான பொருட்களால் ரோபோ செய்யும் துறையின், அடிப்படைக் கவலை. எஃகுக் கையானால் இடி வலிக்கும், காற்றுப்பை அமுங்கிக்கொடுத்துவிடும். பேமேக்ஸின் உருவமே இந்தக் கவலையிலிருந்து பிறந்தது. இரு கண்களையும் இணைக்கும் கோடு, ஜப்பானியக் கோயில்களில் தொங்கும் சுசு மணியைப் பார்த்து வரையப்பட்டது. தத்தித் தத்திச் செல்லும் நடை பென்குயின் குஞ்சுகளிடமிருந்து வந்தது. படம் பார்க்கும்போது அதன் முகத்தில் வாயே இல்லை என்பதைக் கவனியுங்கள். தலையின் சிறு சாய்விலும் கண் சிமிட்டலிலுமே அத்தனை பரிவையும் காட்டிவிட்டார்கள் என்பதை எத்தனை முறை பார்த்தாலும் வியக்கிறேன்.

கேள்வி: நாயகனுக்குத் தனிச் சக்தி எதுவும் இல்லையே. இதை எப்படி சூப்பர் ஹீரோ பிறந்த கதை என்கிறீர்கள்?

ஹிரோவும் நண்பர்களும் அணியும் கவசங்கள் அவர்களே ஆய்வகத்தில் உருவாக்கியவை. என்னைப் பொறுத்தவரை, ஹிரோ நாயகனாவது கவசம் அணியும் காட்சியில் அல்ல. பேமேக்ஸின் மார்பில் இரண்டு சிப்புகள் உண்டு: தடாஷி எழுதிய பச்சை நிற மருத்துவச் சிப், ஹிரோ பின்னர் சேர்த்த சிவப்பு நிறச் சண்டைச் சிப். அண்ணனின் சாவுக்குக் காரணமானவர், அவன் காப்பாற்ற ஓடிய அதே பேராசிரியர்தான் என்று தெரிந்ததும், ஹிரோ பச்சைச் சிப்பைப் பிடுங்கி எறிந்து, அவரைக் கொல்லுமாறு ஆணையிடுகிறான். நண்பர்கள் தடுத்து அதை மீண்டும் பொருத்துகிறார்கள். பிறகு ஹிரோ மறுபடி எடுக்க முயலும்போது பேமேக்ஸ் இடங்கொடுக்காமல், தடாஷி பதிவுசெய்து வைத்திருந்த சோதனைக் காணொளிகளை அவனுக்குக் காட்டுகிறது. திரும்பத் திரும்பத் தோற்று 84-வது சோதனையில் வென்ற அண்ணனின் முகத்தைப் பார்த்த பின்புதான் அவனுடைய கோபம் உடைகிறது. பழிவாங்கக்கூடிய நிலையில் இருந்தும் அதைக் கைவிடுகிறான். நாயகன் பிறந்தது அங்கேதான் என்பேன்.

கேள்வி: படத்தில் வரும் நகரம் எது?

சான் ஃபிரான்சிஸ்கோவும் டோக்கியோவும் கலந்த கற்பனை நகரமான சான் ஃபிரான்சோக்கியோ. சான் ஃபிரான்சிஸ்கோவின் உண்மையான நிலப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு ஏறத்தாழ 83,000 கட்டடங்களைக் கணினியில் எழுப்பினார்கள்.

கேள்வி: என் 9 வயது மகன் கேட்கச் சொன்னான்: கடைசியில் பேமேக்ஸ் இறந்துவிட்டதா?

அவனிடம் இப்படிச் சொல்லுங்கள். ஹிரோவைக் காப்பாற்றுவதற்காகப் பேமேக்ஸின் உடல், இறுதிக் காட்சியில் வேறொரு வெளிக்குத் திறக்கும் வாசலுக்கு அப்பாலேயே தங்கிவிட்டது. ஆனால் அது உந்தி அனுப்பிய கவசக் கையின் மூடிய விரல்களுக்குள், அண்ணன் எழுதிய அந்தப் பச்சைச் சிப் பத்திரமாக இருந்தது. ஹிரோ புதிய உடலைச் செய்து அதைப் பொருத்தியதும், பேமேக்ஸ் அவனை அடையாளம் கண்டுகொண்டது.